வழுக்கையைப் பார்த்துச் சிரிப்பவர்களும் வழுக்கையை வைத்துப் பிழைப்பவர்களும்

2023 மார்ச் மாதத்தில் சென்னையில் தலைமுடி மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். அப்போது எனக்கு வயது 66. இந்த இரு வாக்கியங்களையும் வாசித்த மாத்திரத்தில் வாசகர்களில் ஒரு சாராரின் முகத்தில் ஒரு புன்னகை அரும்பியிருக்கும் என்பதை நான் அறிவேன். அந்தப் புன்னகையைப் பற்றியதே இக்கட்டுரை.

ஏன் செய்தீர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான். விரும்பினேன், செய்தேன். வேறு விளக்கம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. முப்பத்தைந்து வயதில் பின்வாங்கத் தொடங்கிய நெற்றி ஐம்பதில் உச்சந்தலையைச் சென்றடைந்தது. பத்திரிகைக் காரியாலயத்தில் இரவுப் பணியில் இருந்த காலத்தில் அதைப் பற்றி யோசிப்பதற்கு நேரம் இருக்கவில்லை. ஓய்வுபெற்ற பின்னர் நேரமும் சிறிது சேமிப்பும் இருந்தன. ஒருவர் அறுபது வயதுக்குப் பின்னர் பல் கட்டுகிறார், கண்ணில் வில்லை பொருத்துகிறார், முழங்கால் மூட்டை மாற்றுகிறார். இவையெல்லாம் தேவை என்று ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. முடி தேவையல்ல என்பது உண்மையே. ஆனால், தலைக்குச் சாயம் பூசுவதும் தேவையல்லவே? எமது நாட்டில் எண்பதை நெருங்கிய அரசியல்வாதிகள் கருகருவென்ற தலையுடன் மேடையேறுகிறார்கள். அதைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. என்னைக் கேலி செய்தவர்களில் பாதிப்பேர் மாதம் ஒரு தடவை சாயம் பூசுபவர்கள் என்பதை இங்கு பதிவுசெய்து வைக்கிறேன்.

கொழும்பில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் பழைய நண்பர் ஒருவர் பலர் கேட்கத்தக்கதாக, "என்ன காணும், இரண்டாந்தாரம் பார்க்கிறீரோ?" என்று கேட்டார். மண்டபத்தின் அந்த மூலை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். இன்னொருவர், நாடு வங்குரோத்து நிலையை அடைந்து ஒரு வருடம் கூடப் பூர்த்தியாகாத வேளையில் இந்தச் செலவு அவசியந்தானா என்று வினவினார். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது அரசாங்கம். அந்தக் கடன்களுக்கும் எனது மண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேலும் சிரித்திருப்பார்கள்.

எமது சமூகத்தில் முடியில்லாத தலைக்கு இருவகை மதிப்பு உண்டு. தந்தை இறந்தால் மகன் தலையை மழிக்கிறான். நேர்த்திக்கடனுக்காகத் திருப்பதியில் மொட்டை அடித்துக்கொண்டு வருபவரை வாசலில் நின்று வரவேற்கிறோம். மொட்டை என்பது பக்தியினதும் துக்கத்தினதும் அடையாளம். வழுக்கையோ சிரிப்புக்குரியது. தமிழ்த் திரைப்படங்களில் வழுக்கைத் தலையர் என்றால் அவர் பெரும்பாலும் நகைச்சுவைப் பாத்திரம் அல்லது வில்லனின் கையாள். விதிவிலக்காக ரஜினிகாந்த் ஒருவர் திரைக்கு வெளியே தனது வழுக்கையை மறைக்காமல் நடமாடுகிறார். அவருடைய துணிச்சலைப் பாராட்டுபவர்கள் அதே துணிச்சலை அடுத்த வீட்டுக்காரருக்கு அனுமதிப்பதில்லை. வழுக்கையோடு இருந்தால் ஒரு சிரிப்பு, அதைப் போக்க முயன்றால் இன்னொரு சிரிப்பு. மனிதன் எங்கே போவான்?

சொல்லைக் கூட நாம் விட்டுவைக்கவில்லை. 'மயிர்' என்பது பழந்தமிழ்ச் சொல். அது இன்று வசைச் சொல்லாகி, செய்தியாசிரியர்கள் சிவப்பு மையினால் வெட்டிவிட்டு 'தலைமுடி' என்றோ 'கேசம்' என்றோ எழுதும் நிலைக்கு வந்துவிட்டது. மருத்துவக் கட்டுரையில் 'மயிர்க்கால்' என்று எழுதுவதற்குக் கூடத் தயங்குபவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இனி விடயத்துக்கு வருவோம். இந்தச் சிகிச்சை பற்றி எம்மவர் மத்தியில் நிலவுகின்ற முதலாவது தவறான எண்ணம், இது புதிய முடியை உண்டாக்குகிறது என்பதாகும். அவ்வாறு எதுவும் நடைபெறுவதில்லை. நெற்றியிலும் உச்சியிலும் இருக்கும் மயிர்க்கால்கள், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் சுரப்பிலிருந்து உருவாகும் ஒரு பதார்த்தத்தினால் படிப்படியாகச் சுருங்கி மெலிந்துபோகின்றன. இது பரம்பரையோடு தொடர்புடையது. ஆண் சுரப்பு இல்லாமல் வழுக்கை இல்லை என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹமில்டன் 1942 இல் எடுத்துக் காட்டினார். விதை அகற்றப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். ஆனால், பின்தலையிலும் காதுகளுக்கு மேலேயும் உள்ள மயிர்க்கால்கள் அந்தப் பதார்த்தத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. அதனால்தான் எவ்வளவு முதிர்ந்த வழுக்கையருக்கும் பின்னால் ஒரு பிறை எஞ்சுகிறது.

அந்தப் பிறையில் இருந்து எடுத்து முன்னால் நட்டால் என்ன நடக்கும்? நியூயோர்க்கைச் சேர்ந்த தோல்நோய் மருத்துவர் நோர்மன் ஓரென்ட்ரைக் 1952 இல் அதைச் செய்து பார்த்தார். இடம் மாறிய மயிர்க்கால் புதிய இடத்தின் குணத்தைப் பெறாமல் தனது பழைய குணத்தையே வைத்துக்கொண்டது. 1959 இல் அவர் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அதற்கு முன்னரே 1939 இல் ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் தழும்புகளில் முடி நட்டு அதைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால், உலகப்போர் மூண்டதால் அவருடைய எழுத்து வெளியுலகத்தை எட்டவில்லை. அந்தக் காலத்தில் பென்சில் தடிப்பில் வட்டவட்டமாகத் தோலை வெட்டி நட்டார்கள். முளைத்த முடி பொம்மையின் தலையில் குத்திய நார் போல நின்றது. 1970 களிலும் 80 களிலும் செய்துகொண்ட பலருக்கு நேர்ந்த கதி அதுதான். இன்று ஒன்று முதல் நான்கு முடிகள் வரை சேர்ந்திருக்கும் இயற்கையான சிறு கொத்துக்களை அப்படியே எடுத்து நடுகிறார்கள். அக்கொத்தை 'கிராஃப்ட்' என்கிறார்கள். பின்தலையில் நீளமாக ஒரு தோல்பட்டையை வெட்டித் தைத்துவிட்டு, பட்டையில் இருந்து கொத்துக்களைப் பிரிப்பது ஒரு முறை. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டமுடைய துளைக்கருவியினால் கொத்துக்களைத் தனித்தனியே எடுப்பது மற்றைய முறை. எனக்குச் செய்யப்பட்டது இரண்டாவது.

யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. நாற்றுமேடையில் இருந்து கன்றைக் கிளப்பித் தோட்டத்தில் நடுவதைப் போன்றது. ஆனால், ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. நாற்றுமேடையில் அடுத்த வருடமும் விதை தூவலாம். பின்தலையில் தூவ முடியாது. எடுத்த இடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதற்கும் எடுக்கக்கூடியது சில ஆயிரம் கொத்துக்கள் மாத்திரமே. வேறொருவரின் முடியை நடவும் இயலாது, உடல் அதை ஏற்காது. திருப்பதியில் மலைபோல் குவியும் முடி பொய்முடி செய்யத்தான் உதவும். ஆகவே இந்தச் சிகிச்சை முழுவதும் ஒரு கணக்கு. இருப்பு எவ்வளவு, வெறுமை எவ்வளவு என்ற கணக்கு. அந்தக் கணக்கைச் சொல்லாமல் விற்பவர் வியாபாரி. சொல்பவரே மருத்துவர்.

நான் இருவரையும் கண்டேன். முதலில் சென்ற இடம் சென்னையில் ஒரு பெரிய வணிகக் கட்டிடத்தின் மூன்றாம் மாடி. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, சுவரில் 'முன்பு', 'பின்பு' என்று படங்கள். கழுத்துப்பட்டி அணிந்த ஓர் இளைஞர் 'ஆலோசகர்' என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். தலையை ஒரு நிமிடம் பார்த்தார். "நாலாயிரத்து ஐந்நூறு கிராஃப்ட் சார், ஒரே நாளில் முடித்துவிடலாம், இருபத்தைந்து வயது லுக் வந்துவிடும்" என்றார். என்ன மருந்து எடுக்கிறேன் என்று கேட்கவில்லை. மாலைக்குள் முற்பணம் கட்டினால் இருபது சதவீதக் கழிவு என்பதை மட்டும் இரு தடவைகள் சொன்னார். சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியரைச் சந்திக்கலாமா என்று கேட்டேன். அவர் அன்றைய தினம்தான் வருவார் என்று பதில் வந்தது.

இரண்டாவதாகச் சென்றது ஒரு தோல்நோய் வைத்திய நிபுணரிடம். அவர் உருப்பெருக்கியை வைத்துப் பின்தலையை நெடுநேரம் ஆராய்ந்தார். இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயம் என்று வரிசையாக விசாரித்தார். நான் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவன் என்றதும், கொழும்பில் உள்ள எனது இருதய நோய் நிபுணரிடமிருந்து கடிதம் இல்லாமல் ஒரு நாள் கூட அதை நிறுத்தக்கூடாது என்றார். அதன் பின்னர் சொன்னார்: "சார், உங்களுக்கு ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் எடுக்க மாட்டேன். நெற்றிப் பக்கம் மட்டும் செய்வோம். உச்சியை விட்டுவிடலாம். நெற்றிக்கோட்டையும் கீழே கொண்டுவர மாட்டேன். உங்கள் வயதுக்கு அது பொருந்தாது."

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. 4,500 என்று கேட்ட காதுக்கு 1,800 சிறிதாகத் தோன்றும். ஆனால், நாற்பது வருடங்களாகச் செய்தி சேகரித்தவனுக்கு ஓர் அனுபவம் உண்டு. கேட்ட கேள்விக்கு மேலதிகமாக வாக்குறுதி அளிப்பவரின் கூற்றை இரு தடவைகள் சரிபார்க்க வேண்டும். இல்லை என்று சொல்வதனால் தனக்கு நட்டம் ஏற்படும் இடத்திலும் இல்லை என்று சொல்பவரைப் பெரும்பாலும் நம்பலாம்.

அந்த நாளைப் பற்றி விரிவாக எழுதுவதற்கு அதிகம் இல்லை. காலை எட்டு மணிக்குத் தலையை மழித்தார்கள். விறைப்பூசிகள் போடும் அந்தப் பத்து நிமிடங்கள் கடினமானவை, நெற்றியில் தொடர்ச்சியாகக் குளவி கொட்டுவது போலிருந்தது. அதன் பிறகு வலி இல்லை. குப்புறப் படுத்திருந்தபோது துளைக்கருவி இயங்கும் ஓசை மண்டைக்குள் கேட்டது. நண்பகலில் எழுப்பித் தயிர்ச்சாதம் தந்தார்கள். பிற்பகலில் நெற்றியில் வைத்தியர் நுண்ணிய கீறல்களை இட, இரண்டு பெண் உதவியாளர்கள் இடுக்கியினால் ஒவ்வொன்றாக நட்டார்கள். கீறலின் கோணமே முடி எந்தத் திசையில் சாயும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே அதை மாத்திரம் தாம் எவரிடமும் ஒப்படைப்பதில்லை என்றார் வைத்தியர். நடுபவர்களின் பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அச்சுக்கோப்பாளர்கள் ஈய எழுத்துக்களைக் கோர்த்த காலம் நினைவுக்கு வந்தது. மாலை நான்கரை மணிக்கு எல்லாம் முடிந்தது.

மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணிமைக்கு இறங்கியது. இது வழமையானது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பத்து நாட்களில் பொருக்குகள் உதிர்ந்தன. மூன்றாவது வாரத்தில் நட்ட முடிகளும் உதிர்ந்தன. இதையும் சொல்லியிருந்தார்கள். முடி விழுந்தாலும் வேர் உள்ளே தங்கியிருக்கும். ஆனாலும் குளியலறைத் தரையில் அதைப் பார்க்கும்போது கொடுத்த பணத்தின் நினைவு வரத்தான் செய்யும். நான்கு மாதங்கள் வரை எதுவும் இல்லை. ஐந்தாவது மாதத்தில் பூனைமயிர் போல ஏதோ தென்பட்டது. முழுப் பலன் தெரிய ஒரு வருடம் எடுத்தது. பின்தலையில் நரைத்திருந்தது முன்னாலும் நரைத்தே முளைத்தது. எனது முகத்துக்கு மேலே ஒரு விளிம்பு வந்திருக்கிறது. அவ்வளவுதான். இளமை திரும்பவில்லை. உச்சி முன்பு போலவே வெளியாக இருக்கிறது. பின்னால் நின்று பார்ப்பவர்களுக்கு நான் பழைய மனிதன்தான். எனக்கு அது போதுமாக இருக்கிறது.

இதையெல்லாம் சொல்வதற்கான காரணம் வேறு. நூல் வெளியீட்டு விழாவில் இரண்டாந்தாரம் பற்றிக் கேட்ட நண்பர் அதே இரவு பத்து மணிக்குத் தொலைபேசி எடுத்தார். குரலைத் தாழ்த்திக் கதைத்தார். எங்கே செய்தீர், எவ்வளவு முடிந்தது, நோவு இருந்ததோ, வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அடுத்து வந்த மாதங்களில் இலண்டனில் இருந்தும் மெல்பேர்னில் இருந்தும் பாரிஸில் இருந்தும் அழைப்புகள் வந்தன. பத்துக்கும் அதிகமானவர்கள். எல்லோரும் ஐம்பதைக் கடந்தவர்கள். எல்லோரும் கேட்டுக்கொண்ட கடைசி வசனம் ஒன்று, "நான் கேட்டதாக ஒருவருக்கும் சொல்லாதையும்." மண்டபத்தில் சிரிப்பு, தொலைபேசியில் இரகசியம். ஆசை எல்லோரிடமும் இருக்கிறது. அதைப் பகிரங்கமாகக் கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது. நாலுபேரிடம் விசாரிக்காமல் ஒரு சைக்கிள் கூட வாங்காத எமது மக்கள், தலையில் ஆயிரம் துளைகள் இடும் விடயத்தில் எவரையும் விசாரிக்காமல் இணையத்தில் முதலில் கண்ட விளம்பரத்துக்குப் பணத்தை அனுப்புகிறார்கள். போலிகள் வாழ்வது இந்த வெட்கத்தில்தான்.

விளைவு சில வேளைகளில் உயிராபத்தாகவும் முடிகிறது. 2016 இல் சென்னையில் 22 வயதான மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இச்சிகிச்சையின்போது ஏற்பட்ட சிக்கலினால் உயிரிழந்தார். மருத்துவம் படித்த பிள்ளை. அந்த இடத்துக்கு இருந்தது அழகு நிலையத்துக்கான அனுமதிதான் என்று அப்போது செய்திகள் வெளியாகின. மும்பையிலும் டில்லியிலும் அதன் பின்னர் மரணங்கள் நிகழ்ந்தன. இறுதியில் 2022 செப்டெம்பரில் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்களே இதைச் செய்யவேண்டும் என்றும், யூரியூப்பில் பார்த்துக் கற்றுக்கொள்வது பயிற்சியாகாது என்றும் அதில் கூறப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டின் உயர் மருத்துவ நிறுவனம் இப்படியொரு வாக்கியத்தை எழுதவேண்டிய நிலை ஏற்பட்டது என்றால், அதற்கு முன்னர் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். துருக்கியின் இஸ்தான்புல் நகரம் இத்தொழிலின் உலகச் சந்தையாகிவிட்டது. விமான நிலையத்தில் வரவேற்பு, விடுதி, சிகிச்சை எல்லாம் ஒரே விலையில். அங்கே திறமையான மருத்துவர்கள் இருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் மருத்துவரின் பெயரை வைத்துக்கொண்டு, மருத்துவர் அல்லாதவர்களைக் கொண்டு ஒரே நாளில் பலரை முடித்து அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. முடி மீளமைப்புச் சத்திரசிகிச்சையாளர்களின் சர்வதேசச் சங்கமே இந்தக் கள்ளச்சந்தைக்கு எதிராக ஓர் இயக்கம் நடத்தவேண்டியதாயிற்று.

இந்த வெட்கம் எமக்கு மட்டும் உரியதல்ல. 2004 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் டொனி பிளேயர் சார்டினியாத் தீவில் இத்தாலியப் பிரதமர் சில்வியோ பெர்லுஸ்கோனியின் விருந்தினராகச் சென்றார். வரவேற்க வந்த பெர்லுஸ்கோனி தலையில் கடற்கொள்ளைக்காரரைப் போல ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் படத்தைப் பிரசுரித்தன. முடி நட்ட இடத்தை மறைப்பதற்கே அந்தத் துணி என்பது பின்னர் தெரியவந்தது. அப்போது அவருக்கு 67 வயது. தொலைக்காட்சி நிறுவனங்களின் அதிபதி, ஒரு நாட்டின் பிரதமர், எவருக்கும் அஞ்சாதவர் என்று பெயரெடுத்தவர். வழக்குகளுக்கு அஞ்சாத அவர் தலைப் பொருக்குக்கு அஞ்சினார்.

அவருக்கு 32 வருடங்களுக்கு முன்னரே வேறு வழியில் நடந்துகொண்ட ஓர் அரசியல்வாதியும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநில செனட்டர் வில்லியம் புரொக்ஸ்மையர் 1972 இல், தமது 56 ஆவது வயதில், முடி மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டார். அதை அவர் மறைக்கவில்லை. ஆம், செய்தேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். பத்திரிகைகள் சில நாட்கள் சிரித்தன. 1975 முதல் மக்கள் பணத்தை விரயமாக்கும் அரச நிறுவனங்களுக்குத் 'தங்கக் கம்பளி விருது' என்று ஒன்றை மாதந்தோறும் கேலியாக வழங்கி வந்தவர் அவர். இனப்படுகொலைத் தடுப்புச் சமவாயத்தை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டும் என்று 1967 முதல் செனட் சபை கூடிய நாட்களில் எல்லாம் பேசினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உரைகள். 1986 இல் செனட் அதை அங்கீகரித்தது. முடி நட்ட செய்தி வெளிவந்த பின்னர் 1976 இலும் 1982 இலும் விஸ்கொன்சின் மக்கள் அவரைப் பெரும்பான்மை வாக்குகளால் மீண்டும் தெரிவுசெய்தார்கள். அத்தேர்தல்களில் அவர் செலவழித்தது சில நூறு டொலர்கள் மாத்திரமே. தலையில் அக்கறை காட்டுபவனிடம் தீவிரமான சிந்தனை இருக்காது என்று என்னிடம் சொன்ன ஒரு பேராசிரியருக்கு நான் இவரைத்தான் உதாரணம் காட்டினேன்.

எமது பத்திரிகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முதல் பக்கத்தில் ஊழலைக் கண்டிக்கும் ஏடு, ஏழாம் பக்கத்தில் 'முப்பது நாட்களில் வழுக்கையில் முடி' என்ற தைல விளம்பரத்தைப் பிரசுரிக்கிறது. இந்தியாவில் 1945 ஆம் ஆண்டின் மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, எந்த மருந்தும் குணப்படுத்துவதாக உரிமைகோரக் கூடாத நோய்களின் பட்டியலில் வழுக்கையையும் சேர்த்திருக்கிறது. அட்டவணை சட்டப்புத்தகத்தில் இருக்கிறது, தைலம் கடையில் இருக்கிறது. ஒரு போத்தல் தைலத்தில் ஏமாறியவர் பொலிஸுக்குப் போகமாட்டார் என்பது தயாரிப்பாளருக்கு நன்றாகத் தெரியும். பொலிஸ்காரரும் சிரிப்பார் அல்லவா?

உண்மையில் பயன் நிரூபிக்கப்பட்ட மருந்துகள் இரண்டு இருக்கின்றன. இரண்டுமே வேறு நோய்களுக்காக வந்தவை. மினொக்ஸிடில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. அதை எடுத்தவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்வதைக் கண்ட பிறகே தலையில் பூசும் திரவமாக்கினார்கள். 1988 இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஃபினாஸ்டெரைட் முதியவர்களின் புரஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கான மருந்து. குறைந்த அளவில் அதை வழுக்கைக்கு வழங்க 1997 இல் அனுமதி கிடைத்தது. இரண்டும் இருப்பதைக் காப்பாற்ற உதவக்கூடியவை. முற்றாக வெளித்த உச்சியில் காடு வளர்ப்பவை அல்ல. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். என் வயதை ஒத்தவர்கள் ஃபினாஸ்டெரைட் விடயத்தில் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. புரஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் பி.எஸ்.ஏ. என்ற குருதிப் பரிசோதனையின் அளவை இந்த மருந்து ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்துக் காட்டும். முடிக்காக அதை எடுக்கும் ஒருவர் வெட்கப்பட்டுக் குடும்ப வைத்தியரிடம் மறைத்தால், ஆபத்தான ஓர் எண் சாதாரண எண்ணாகத் தோன்றிவிடும். இரகசியத்தின் விலை முடியோடு நிற்பதில்லை.

என்னோடு தொலைபேசியில் கதைத்தவர்களில் ஒருவர் கனடாவில் வசிக்கிறார். பெயரைக் குறிப்பிடாமல் எழுதலாம் என்று அனுமதித்திருக்கிறார். வயது 61. பிள்ளைகளுக்குப் பழைய பள்ளித் தோழர்களைப் பார்க்க ஐரோப்பா போவதாகச் சொல்லிவிட்டு இஸ்தான்புல்லுக்குப் போயிருக்கிறார். ஒரே நாளில் 5,000 கிராஃப்ட்டுகள் என்று சொல்லப்பட்டிருக்கிறது. வைத்தியர் என்று ஒருவர் காலையில் வந்து கைகொடுத்துவிட்டுச் சென்றார், அதன் பின்னர் அவரைக் காணவில்லை. முன்னால் நட்டதில் பாதி பிடிக்கவில்லை. பின்தலையில் அளவுக்கதிகமாக எடுத்ததனால் அங்கே திட்டுத் திட்டாகத் தோல் தெரிகிறது. முன்பு முன்னால் மட்டும் வழுக்கை. இப்போது பின்னாலும். வீட்டுக்குள்ளும் தொப்பி அணிகிறார். முறைப்பாடு செய்தீரா என்று கேட்டேன். "முறைப்பாடு செய்தால் போனது தெரிந்துவிடுமே அண்ணை" என்றார்.

பலமுறை கதைத்த பின்னர் மனைவியிடம் சொன்னார். அவர் சிரிக்கவில்லையாம். அதன் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் தயாரித்தோம். எத்தனை கிராஃப்ட்டுகள் எடுக்கப்பட்டன, துளையிட்டவர் யார், அவருடைய மருத்துவப் பதிவு இலக்கம் என்ன என்ற மூன்று கேள்விகள். படங்களையும் இணைத்து அனுப்பினோம். ஆறு வாரங்களின் பின்னர் பதில் வந்தது. மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் விடை இல்லை. அவருடைய நீண்டகால நம்பிக்கைக்கு நன்றி தெரிவித்து, இரண்டாவது சத்திரசிகிச்சையை இலவசமாகச் செய்து தருவதாகவும், விமானச் செலவை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டால் போதுமானது என்றும் எழுதியிருந்தார்கள்.